அப்பாவின் வீராவில் கேட்ட அரைப்புச் சத்தம்

மாவும் தண்ணீரும் இல்லாமல் வெறும் ஆட்டுக்கல்லைச் சுற்றினால் ஒரு சத்தம் வருமே, அதுதான். 2019 கடைசியில் ஒருநாள், மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் காரில் (எங்கள் பேச்சில் காடி) வந்துகொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "காடி என்னமோ அரைக்குதுப்பா. கியர் கம்புல கை வெச்சா கைக்கே தெரியுது."

நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். எனக்குக் காற்றுச் சத்தமும் பக்கத்தில் போகும் லாரியின் சத்தமும்தான் கேட்டன. ஏர்கோனை அணைத்து, ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றிய பிறகுதான் அடியில் ஓடிக்கொண்டிருந்த அந்த அரைப்பு காதில் விழுந்தது. அப்பா பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். காது பாதி மந்தம். ஆனாலும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். காதால் இல்லை, உள்ளங்கையால். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு வந்த அலைச்சல் முழுக்க, அவர் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்காததால் வந்தது. யாரும் என்றால் நானும்தான்.

கார் 1996-ஆம் வருட புரோட்டோன் வீரா, 1.5, மேனுவல் கியர். 1993-இல் வந்து 2009 வரை ஓடிய மாடல். மிட்சுபிஷி லேன்சரை அடிப்படையாக வைத்துச் செய்தது என்பதால் சாமானுக்கு இன்றும் பெரிய பஞ்சமில்லை. அப்பா அதைப் புதிதாக வாங்கியபோது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போனது, தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குக் குடும்பமே நெருக்கி உட்கார்ந்து போனது, தாத்தா இறந்த ராத்திரி தைப்பிங்கிற்கு ஓடியது, எல்லாம் அந்தக் காரில்தான். பழசு, தூக்கிப் போடு என்று சொல்பவர்களிடம் அப்பா வாதாட மாட்டார். காரைத் துடைக்கப் போய்விடுவார்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

முதலில் வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனோம். ஃபோர்மேன், அதாவது மெக்கானிக், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். எண்பதில் சத்தம் வருகிறது, வேகம் குறைந்தால் சத்தமும் குறைகிறது. "முன் சக்கர பேரிங் போயிடுச்சு, ரெண்டு பக்கமும் மாத்திடுங்க" என்றார். சுற்றும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்தான் பேரிங். காரைத் தூக்கிப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. 480 வெள்ளி (ரிங்கிட்). மறுநாள் பாலத்தில் ஏறினோம். ஆட்டுக்கல் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, அப்படியானால் டிரைவ் ஷாஃப்டாக (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) இருக்கும், அதையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மாற்றிப் பார்க்கலாம் என்ற அந்தச் சொல் எனக்குக் கோபத்தைத் தந்தது. வைத்தியர் ஒருவர் நாடி பிடிக்காமலே, இந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் அந்த மாத்திரை என்று சொன்னால் விடுவோமா? ஒவ்வொரு மாத்திரைக்கும் காசு நம் பையிலிருந்துதான் போகிறது.

அப்புறம்தான் பாலிக் பூலாவில் இருக்கும் மாமாவின் நினைப்பு வந்தது. ரத்த உறவு இல்லை. அப்பாவோடு தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில்தான் அவருடைய பட்டறை. வயது எழுபதை நெருங்குகிறது, பெரிய வேலைகளை இப்போது எடுப்பதில்லை.

போனதும் அவர் பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. மேசையில் மூன்று கோப்பி வந்தது. கேள்விகளும் வந்தன. எப்போது வருகிறது? கார் நிற்கும்போதா, ஓடும்போதா? எண்ணெய் (ஆக்ஸிலரேட்டர்) மிதித்தால் கூடுகிறதா, காலை எடுத்தால் கூடுகிறதா? வளைவில் மாறுகிறதா? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படி? எந்த கியரில்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாலத்துலதான் நல்லா கேக்குது. அங்க எப்பவும் அஞ்சாவதுதான்."

"அதான் உங்கள ஏமாத்தியிருக்கு" என்றார் மாமா.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும், இத்தனை வருடம் கார் ஓட்டிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. ஒரே கியரில் போகும்போது எஞ்சின் சுற்றும் வேகமும் சக்கரம் சுற்றும் வேகமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது போல ஏறும், இறங்கும். அதனால் கிளட்ச் பக்கத்தில் பிறக்கும் சத்தமானாலும் சரி, சக்கரத்தில் பிறக்கும் சத்தமானாலும் சரி, "எண்பதில் கேட்கிறது, வேகம் குறைந்தால் குறைகிறது" என்றுதான் இரண்டும் தெரியும். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம். எண்பது வேக வரம்பு. கியர் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. சத்தத்தைக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது.

கோப்பி முடிந்ததும் மாமா சாவியை வாங்கி எஞ்சினைக் கிளப்பினார். கார் நிற்கிறது, ஃப்ரீ கியர் (நியூட்ரல்), கிளட்சில் கால் இல்லை. ஒரு நிமிடம் அப்படியே விட்டார். பிறகு கிளட்சை அடிவரை மிதித்தார். மெல்லிய உறுமல் ஒன்று நின்றது. காலை எடுத்தார், உறுமல் திரும்பி வந்தது. மறுபடி மிதித்தார், நின்றது. என்னையும் உட்கார வைத்துச் செய்யச் சொன்னார்.

மேனுவல் கியர் காரில் ஃப்ரீயில் நிற்கும்போதும் கியர்பாக்ஸுக்குள் ஒரு தண்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கி உள்ளே கொண்டுபோகிற தண்டு அது, பட்டறைப் பேச்சில் இன்புட் ஷாஃப்ட். கிளட்சை மிதித்தால் அது எஞ்சினை விட்டு விலகி நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் ஒரு சத்தம் நின்றால், சந்தேகம் முதலில் அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் போகும். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சுக்குள் இருக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மாமா அதோடு விடவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். "இத மட்டும் வெச்சுச் சொல்லக்கூடாது" என்றார். பழைய கியர்பாக்ஸ்களில் பற்களுக்கு இடையே இடைவெளி கூடிப்போய், ஐட்லிங்கில் லேசாகக் கடகடக்கும். அதுவும் கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். அதற்காக யாரும் கியர்பாக்ஸை இறக்குவதில்லை. நாங்கள் தேடி வந்த சத்தமும் இந்தச் சத்தமும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டும். அதற்கு ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பாலிக் பூலாவிலிருந்து தெலுக் பஹாங் போகும் மலைப்பாதை தெரிந்தவர்களுக்கு மாமா ஏன் அந்தப் பக்கம் திருப்பினார் என்று புரியும். டுரியான் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, தித்தி கெராவாங் அருவியைக் கடந்து, இடமும் வலமுமாக வளைந்துகொண்டே இருக்கும் ரோடு. சக்கர பேரிங்கைச் சோதிக்க வளைவுதான் வேண்டும். கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். வலப்பக்க பேரிங் கெட்டிருந்தால் அப்போது சத்தம் கூடும், வலப்பக்கம் திரும்பும்போது குறையும். இடப்பக்கம் கெட்டிருந்தால் எதிர்மாறாக நடக்கும். பன்னிரண்டு வளைவு வரை நான் எண்ணினேன். ஆட்டுக்கல் ஒரே சீராகச் சுற்றியது. எந்த வளைவுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. நாங்கள் 480 வெள்ளி கொடுத்த சாமானுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த மலைப்பாதை சொல்லிவிட்டது. பின் சீட்டில் இருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை.

மலையிறங்கி சமதரைக்கு வந்ததும், நான் இன்றும் நினைத்து வியக்கும் சோதனையைச் செய்தார். முன்னும் பின்னும் கார் இல்லாத நேரம் பார்த்து, அறுபது கிலோமீட்டரில் ஐந்தாவது கியரில் ஓட்டினார். சத்தம் கனத்த குரலில் அரைத்தது. அதே அறுபதை விடாமல் மூன்றாவதுக்கு மாற்றினார். சக்கரம் சுற்றும் வேகம் அதேதான், எஞ்சின் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. சத்தத்தின் சுருதி சட்டென்று ஏறியது! சக்கரத்திலிருந்தோ டயரிலிருந்தோ, சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலிருந்தோ வரும் சத்தமாக இருந்தால் அறுபது அறுபதுதானே, சுருதி அசைந்திருக்கக் கூடாது. பிறகு அதே அறுபதில் ஃப்ரீ கியருக்குத் தள்ளி எஞ்சினை ஐட்லிங்குக்கு விட்டார். அரைப்பு அடங்கி, நிற்கும்போது கேட்ட அந்த மெல்லிய உறுமலாகிவிட்டது. டயர் உருளும் சத்தம் மட்டும் மிச்சம். எங்கள் மாடலில் ஆர்.பி.எம் மீட்டர் கிடையாது. இவ்வளவையும் அவர் காதாலேயே பிரித்தார்.

"இப்ப கியர் கம்புல கை வை" என்றார் என்னிடம், மறுபடி ஐந்தாவதில் போட்டுவிட்டு. வைத்தேன். கம்பி வழியாக நடுக்கம் உள்ளங்கைக்கு ஏறியது. கியர் கம்பு கியர்பாக்ஸோடு இணைந்த பொருள். உள்ளே பேரிங் அரைத்தால் அது கம்பில் தெரியத்தானே செய்யும். அப்பா முதல் நாளே சொன்னார். கார் ஓட்டுகிறவரின் கை சொல்வதை முதலில் கேட்டிருந்தால் எங்களுக்கு ஒரு மாதமும் 480 வெள்ளியும் மிஞ்சியிருக்கும். அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பரவாயில்லை, பேரிங் புதுசாச்சே என்றார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் மாமா காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போனார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் தலையை விடாதீர்கள், தயவுசெய்து. ஃப்ரீ கியரில் சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையின் விரல்நுனியை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தார். பேரிங் கெட்டிருந்தால் மணல் உருள்வது போல அந்த ஸ்பிரிங்கில் தெரியுமாம். வழுவழுப்பாக இருந்தது, புதுசல்லவா. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டமில்லை. டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டுகள் கிழியவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்று அடித்தால்தான் வெளிப்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும், எங்களுக்கு அதுவும் இல்லை. பிரேக் தட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரத்தில் சின்னக் கல் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். அதுவே பயங்கரமாக அரைத்து ஆட்களை அலைய வைக்குமாம். எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது கியர்பாக்ஸ் எண்ணெய். கீழ் நட்டைக் கழற்றிச் சட்டியை வைத்தார். வந்தது எண்ணெய் நிறத்தில் இல்லை. நாங்கள் குடித்த பால் கோப்பியின் நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டு வெயிலில் பிடித்தார். வெள்ளியாக மினுமினுத்தது. ஒரு காந்தத்தைச் சட்டிக்குள் விட்டு எடுத்தார். கியர்பாக்ஸ் எண்ணெயில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டுவது இயல்பு. அது சாதாரணத் தேய்மானம். இதில் பசையோடு சேர்ந்து மெல்லிய சில்லுகள் ஒட்டியிருந்தன, மீன் செதில் உதிர்ந்தது போல. எஃகு பேரிங்கின் தோல் உரிந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். மஞ்சள் பொடி மின்னினால் அது சிங்க்ரோ வளையத்தின் (கியர் மாறும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) பித்தளை, அது காந்தத்தில் ஒட்டாது. எங்களுடையதில் மஞ்சள் இல்லை.

"இந்தக் காடி எப்ப தண்ணில நின்னுச்சு?" என்று கேட்டார் மாமா.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பினாங்கில் இருந்தவர்கள் யாரும் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டார்கள். மத்தியானம் தொடங்கிய மழை காற்றோடு சேர்ந்து விடிய விடியப் பெய்தது. மரங்கள் விழுந்தன, மின்சாரம் போனது. எங்கள் வீடு ஜெலுத்தோங் பக்கம், வழக்கமாகத் தண்ணீர் ஏறாத தெரு. அன்று ஏறியது. அப்பா சாயங்காலம் பட்டர்வொர்த்திலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தினார். ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு மேல் நின்றது. தள்ளிக்கொண்டு போக இடமில்லை, சுற்றிலும் அதே தண்ணீர். நாங்கள் அரிசியையும் அம்மாவின் தையல் மெஷினையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு காருக்கு எல்லாம் செய்தோம். குறைந்தபட்சம் அப்படித்தான் நினைத்திருந்தோம். எஞ்சின் எண்ணெய் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம், பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், கார்ப்பெட்டை உரித்து மூன்று நாள் வெயிலில் போட்டோம். கியர்பாக்ஸ் எண்ணெயை யாரும் நினைக்கவில்லை.

உள்ளே தண்ணீர் எப்படிப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கியர்பாக்ஸின் மேல்பக்கம் மூச்சுவிட ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். ஓட்டி வந்த சூட்டில் உள்ளே காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு பெட்டி குளிர்ந்த தண்ணீரில் முழுகினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியில் இருப்பதை இழுக்கும். மூச்சு வழி தண்ணீருக்குள் இருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை இழுக்கும். அது மேலே இருந்தாலும் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்து எண்ணெய் சீல் பழையதாக இருந்தால் அதன் வழியாகக் கசியும். பெட்டி உள்வாங்கிய தண்ணீர் தானாக வெளியே வராது. எண்ணெயோடு கடைந்து பால் மாதிரி ஆகிவிடும். கார் நிற்கும் ராத்திரிகளில் பேரிங்கின் ஓட்டுப்பாதையில் ஊசி முனை அளவு துருப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள் மேல் குண்டுகள் உருண்டு உருண்டு, புள்ளி குழியாகி, குழி சில்லாக உரிய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு இரண்டு லிட்டர் எண்ணெய் மாற்றியிருந்தால் போதும். இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது. வெள்ளத்தில் கார் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே அந்த நட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

அடுத்து என்ன செய்வது என்று பேசினோம். பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் பொட்டோங் கடையில் ஜப்பானிலிருந்து வெட்டி வந்த பழைய கியர்பாக்ஸை வாங்கிப் போடலாம், பலரும் அதைத்தான் செய்வார்கள், சீக்கிரம் முடியும். மாமாவுக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பெட்டி எங்கே நின்றது, எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் பெட்டியின் நோய் என்னவென்று நமக்குத் தெரியும். பல் நன்றாக இருந்தால் இதையே சரி செய்யலாம் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அவருடைய மருமகன் உதவிக்கு வர, அடுத்த வார இறுதியில் இறக்கினார்கள். பற்களில் குழி இல்லை. இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார் மாமா. சுற்றினால் சொரசொரவென்று விரலில் தட்டியது. அதன் பக்கவாட்டில் எண் செதுக்கியிருந்தது. கார் சாமான் கடையில் மாடல் பெயர் சொல்லிக் கேட்பதைவிட, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பேரிங் விற்கும் கடைக்கே போகச் சொன்னார். பேரிங் எண்கள் உலகத்துக்கே பொது. 6206 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை முப்பது மில்லிமீட்டர். 6205 என்றால் இருபத்தைந்து. பின்னால் இருக்கும் எழுத்துகளையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதலாக விட்டது என்று பொருள், அதற்குப் பதில் சாதாரணத்தைப் போடக்கூடாது. அப்பாவின் தொழிற்சாலை மெஷினிலும் எங்கள் காரிலும் ஒரே எண்ணில் பேரிங் ஓடலாம் என்று தெரிந்தபோது அப்பாவின் முகத்தில் ஒரு மலர்ச்சி. அந்தக் கடைக்கு அவரே போனார்.

பெட்டியை இறக்கிய கையோடு கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எல்லா எண்ணெய் சீல்களும் மாற்றினோம். கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது, இன்னொரு தடவை அதைக் கொடுக்க வேண்டாம். புது எண்ணெய் ஜிஎல்-4 ரகம். ஜிஎல்-5 இன்னும் நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், எண் பெரிதாக இருக்கிறதல்லவா. அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக மருந்துகள் சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும், காரின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குவது நல்லது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளை வழியாக எண்ணெய் வழியத் தொடங்கும் வரை ஊற்றி மூடினார்கள். முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்த எண்ணெயையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னார், மூலைகளில் ஒளிந்திருக்கும் பொடியும் ஈரமும் வெளியே வர. செய்தோம். இரண்டாவது தடவை காந்தம் ஏறக்குறைய சுத்தமாக வந்தது.

சரி செய்த பிறகு பாலத்தில் ஏறியபோது அப்பாதான் ஓட்டினார். டோலைத் தாண்டி ஐந்தாவது போட்டதும் ஏர்கோனை அணைத்தார், ரேடியோவை நிறுத்தினார். தீவு கண்ணில் தெரியும் வரை இடது கையைக் கியர் கம்பிலிருந்து எடுக்கவே இல்லை.

பழைய பேரிங் என் மேசையில் இருக்கிறது. நவம்பர் பிறந்து வானம் இருட்டினால், வீட்டுக்கு வரும் வழியிலேயே அப்பா காரை மேட்டில் இருக்கும் கோயில் வளாகத்தில் விட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்.